பேஸ்ட் டியூபின் பட்டை எந்திரத்துக்கு, உங்களுக்கு அல்ல

டூத் பேஸ்ட் டியூபின் அடிப்பக்கத்தில் சின்னதாக ஒரு வண்ணப் பட்டை இருக்கும். அது பச்சை என்றால் முழுக்க இயற்கை, நீலம் என்றால் இயற்கையோடு மருந்து, சிவப்பு என்றால் இயற்கையோடு ரசாயனம், கறுப்பு என்றால் முழுக்க ரசாயனம். ஆகவே கறுப்புப் பட்டை போட்டதை வீட்டுக்குள் சேர்க்காதீர்கள். இப்படி ஒரு செய்தி பல வருடங்களாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. யாராவது மறுப்பு எழுதினால் கொஞ்ச நாள் அடங்கும். பிறகு ‘அவசியம் பகிரவும்’ என்று மறுபடியும் கிளம்பிவிடும். நன்றாகப் படித்தவர்கள்கூட ஒரு நிமிடம் யோசிக்காமல் இதைத் தட்டிவிடுகிறார்கள். இதில் ஒரு வரிகூட உண்மை இல்லை.

டியூப் எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால் பட்டை எதற்கு என்பதும் புரிந்துவிடும். பல அடுக்கு லேமினேட் ஃபிலிம் பெரிய ரோலாக அச்சாகி வருகிறது. ஒரு டியூபுக்கான படம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது வேகமாக ஓடும் எந்திரத்துக்குத் தெரிய வேண்டும். அதற்காக ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஒரு செவ்வகத்தை அச்சிடுகிறார்கள். தொழிலில் இதற்கு ஐ மார்க் என்று பெயர். சென்சாரின் ஒளி அதன்மேல் பட்டதும் வெட்ட வேண்டிய இடம் இது என்று கத்திக்குத் தகவல் போகிறது. பேஸ்ட் நிரப்பும் இடத்திலும் இதே பட்டைதான் வழிகாட்டுகிறது. மூடி கீழேயும் திறந்த அடிப்பக்கம் மேலேயுமாக நிற்கும் காலி டியூபை எந்திரம் சுழற்றுகிறது. பட்டை சென்சாருக்கு நேராக வந்ததும் நிறுத்துகிறது. அதன்பின் பேஸ்டை நிரப்பி, சூடாக்கி அழுத்தி ஒட்டி, ஓரத்தை நறுக்கிவிடுகிறது. இப்படி நேர்படுத்தாவிட்டால் பிராண்டின் பெயர் பக்கவாட்டில் போய் மடிந்து கிடக்கும். பட்டை எப்போதும் ஒட்டிய விளிம்பின் அருகில் இருப்பதும், சில டியூப்களில் பாதி வெட்டுப்பட்டிருப்பதும் இதனால்தான். வாங்குகிறவர் படிக்க வேண்டிய எச்சரிக்கையாக இருந்தால் அதைப் பாதியில் நறுக்குவார்களா?

“எல்லாம் சரி, நிறம் ஏன் டியூபுக்கு டியூப் மாறுகிறது?” என்று கேட்பார்கள். சென்சாருக்கு வேண்டியது நிறமல்ல, பின்னணிக்கும் பட்டைக்கும் இடையே பளிச்சென்ற வேறுபாடு. வெள்ளை டியூபில் கறுப்போ நீலமோ நன்றாகத் தெரியும். அந்த டியூபின் படத்துக்கு ஏற்கெனவே பயன்படும் மைகளில் ஒன்றையே பட்டைக்கும் எடுத்துக்கொண்டால் தனியாக ஒரு மைக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே ஆகியவற்றின் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கும் இதே செவ்வகம் இருக்கும்.

நெருப்பில்லாமல் புகையுமா என்பது அடுத்த வாதம். வாட்ஸ்அப்பில் நன்றாகவே புகையும். இப்படியொரு நிறக் குறியீடே கிடையாது என்று கோல்கேட் நிறுவனம் தன் இணையதளத்தில் எழுதி வைத்திருக்கிறது. நிறுவனம் சொல்வதை எப்படி நம்புவது என்றால், அந்த நிறுவனமே உண்மையை வண்ணத்தில் அச்சிட்டுக் கொடுக்கிறது என்பதை மட்டும் எப்படி நம்பினீர்கள்? மறைக்க நினைப்பவர் ரகசியத்தைப் பட்டை போட்டுக் காட்ட மாட்டார். நம் நாட்டில் சைவ, அசைவ உணவுக்கு நிறக் குறி இருப்பது உண்மைதான். பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் போட்ட அந்தக் குறியைச் சில பேஸ்ட் அட்டைப்பெட்டிகளிலும் பார்க்கலாம். டியூபின் விளிம்பில் இருக்கும் பட்டைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பட்டையைவிட என்னைக் கோபப்படுத்துவது அதற்கு அடியில் இருக்கும் எண்ணம்: இயற்கை என்றால் நல்லது, ரசாயனம் என்றால் விஷம். பேஸ்டில் பல்லைத் தேய்த்துச் சுத்தமாக்கும் கால்சியம் கார்பனேட் சுண்ணாம்புக்கல்லிலும் இருக்கிறது. அதை எந்த நிறத்தில் சேர்ப்பீர்கள்? புகையிலை இயற்கையான இலைதான். பற்பசையிலும் பற்பொடியிலும் அதைக் கலக்கக் கூடாது என்று மத்திய அரசு 1992-ல் தடை போட வேண்டியிருந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரைப் பாருங்கள். பாறையிலிருந்து கரைந்து வரும் ஃபுளோரைடு முழுக்க முழுக்க இயற்கையானது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தவர்களுக்குப் பல் கறை படிந்தது, எலும்பும் பாதிக்கப்பட்டது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்குக் காரணமே இந்தப் பாதிப்புதான். அதே ஃபுளோரைடு பேஸ்டில் அளவோடு இருக்கும்போது பல் சொத்தையைத் தடுக்கிறது. நல்லதையும் கெட்டதையும் பிரிப்பது அளவு.

சும்மா ஒரு பார்வர்டுதானே, யாருக்கு என்ன கெடுதல் என்று விட்டுவிட முடியாது. பச்சைப் பட்டையைத் தேடிக் கடையில் டியூப்களைப் புரட்டும் ஒரு தாய், தன் பிள்ளைக்குத் தேவையான எண்ணைப் பார்க்காமல் போகிறார். ஃபுளோரைடு பேஸ்டில் அதன் அளவு 1,000 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது, அந்த அளவையும் காலாவதித் தேதியையும் டியூபிலும் அட்டைப்பெட்டியிலும் போட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. மூன்று வயதுக்குள் அரிசி அளவு பேஸ்ட் போதும். மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவு. துப்பத் தெரியாத பிள்ளை விழுங்கிவிடும் என்பதால் பக்கத்தில் நின்று துலக்கிவிட வேண்டும். பயனுள்ள செய்தி இதுதான். இதை யாரும் பகிர்வதில்லை.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. பார்கோடு 890 என்று தொடங்கினால் இந்தியாவில் தயாரானது என்கிறார்கள். எந்த நாட்டின் ஜிஎஸ்1 அமைப்பில் நிறுவனம் எண் வாங்கியது என்பதை மட்டுமே அது காட்டும். பொருள் எங்கே தயாரானது என்பதை அந்த எண்ணில் தேடிப் பயனில்லை. பழத்தின் ஸ்டிக்கரில் எட்டில் தொடங்கும் ஐந்து இலக்க எண் இருந்தால் மரபணு மாற்றிய பழம் என்கிறார்கள். அதற்கென அந்த எண் ஒதுக்கி வைக்கப்பட்டதே தவிர, கடைகளில் புழக்கத்துக்கு வரவில்லை. குர்குரே எரிகிறது, ஆகவே பிளாஸ்டிக் என்கிறார்கள். மாவையும் எண்ணெயையும் கொளுத்தினால் எரியத்தான் செய்யும். இந்தப் பதிவுகளை நீக்கச் சொல்லி, குர்குரே தயாரிக்கும் பெப்சிகோ 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

ஆனாலும் ஜனங்களை மட்டும் திட்டிவிட்டுப் போவது நியாயமில்லை. பட்டையை நம்புகிறவர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் படிக்க முடியவில்லை. பொதிந்து விற்கும் பொருட்களில் கட்டாயத் தகவல்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும் என்கிறது விதி. எழுத்தின் உயரம் 1 மில்லிமீட்டர் இருந்தாலே பொதுவாகப் போதும். மாநில மொழியில் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம், கட்டாயமில்லை. தமிழில் விளம்பரம் எடுத்து, தமிழில் பாட்டுப் போட்டு, தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் விற்கிறவர்களுக்கு உட்பொருள் பட்டியலை மட்டும் தமிழில் அச்சிட என்ன தடை? ஃபுளோரைடு அளவு, காலாவதித் தேதி, குழந்தைகளுக்கான எச்சரிக்கை ஆகிய மூன்றையாவது படிக்கிற அளவில் தமிழில் போட வைக்கும்படி மத்திய அரசை மாநில அரசு வலியுறுத்த வேண்டும். நுகர்வோர் சங்கங்கள் இந்தக் கோரிக்கையைக் கையில் எடுக்க வேண்டும். வதந்தியைத் தட்டிவிடும் கைகள் இந்தக் கோரிக்கைக் கடிதத்தையும் எழுதட்டும்.