பன்வாரி தேவி

ராஜஸ்தானில் பட்டேரி என்று ஒரு கிராமம். பன்வாரி தேவி அந்த ஊர்க்காரர். அரசின் மகளிர் திட்டத்தில் வேலை பார்த்தார். 1992-இல் ஒரு கைக்குழந்தையின் கல்யாணத்தைத் தடுக்கப் போனார். அதுதான் அவர் வேலை. அதற்குப் பழி வாங்க, சிலர் அவரைப் பலாத்காரம் செய்தார்கள்.

அவர் மறைக்கவில்லை. போலீசில் சொன்னார். 1995-இல் கோர்ட்டு அவர்களைப் பலாத்காரக் குற்றத்திலிருந்து விடுவித்தது. என்ன நியாயம் இது?

மகளிர் அமைப்புகள் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தன. 1997-இல் தீர்ப்பு வந்தது. வேலை செய்யும் இடத்தில் பெண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றது.

2013-இல் சட்டமும் வந்தது. விருப்பம் இல்லாமல் தொடுவது, ஆபாசமாகப் பேசுவது, ஆசைக்கு இணங்கச் சொல்வது எல்லாம் தப்பு. வீட்டு வேலை செய்பவரும் மாவட்டக் குழுவில் புகார் தரலாம். 3 மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும். எழுத முடியாதவருக்குக் குழுவே உதவ வேண்டும். நடந்த தேதி, இடம், பார்த்தவர் பெயர் ஆகியவற்றை மறக்காமல் எழுதுங்கள்.