மின்னஞ்சலில் வரும் வேஷக்காரர்



தீபாவளி நெருங்கும்போது சிவகாசிப் பட்டாசுக்கு வெளியூர்களிலிருந்து ஆர்டர்கள் குவிவது நமக்குத் தெரிந்ததே. அதே நாட்களில் இன்னொரு வியாபாரமும் நடக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிக் குற்றப்பிரிவு இதைக்குறித்து மக்களை எச்சரித்தது. யூடியூபிலும் சமூக ஊடகங்களிலும் மலிவு விலைப் பட்டாசு விளம்பரம் வரும். அதிலுள்ள எண்ணைக் கூப்பிட்டால் வாட்ஸ்அப்பில் பேச்சு நடக்கும், இணையதளத்தில் சரக்கும் விலையும் ஒழுங்காகவே தெரியும். பணம் போனபின் சரக்கும் வராது, போனையும் எடுக்கமாட்டார்கள்.

ஏமாந்தவர்களில் பலர் வாய் திறப்பதில்லை என்றே நினைக்கிறேன். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம், இணைய வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் வாங்கக் கூடாதென்று உத்தரவிட்டது. ஆகையால் வாங்கினவருக்கே கொஞ்சம் கூச்சம். (தபாலில் பட்டாசு அனுப்ப அனுமதியே இல்லை. "தபாலில் வீட்டுக்கே வரும்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம்.) வேறொரு நஷ்டத்தை நாம் மறந்துவிடுகிறோம். பெயரும் கடைப் படமும் திருடப்பட்ட நேர்மையான வியாபாரியின் வாசலில்தான் பணத்தை இழந்தவர் வந்து நிற்பார்.

பிஷிங் என்னும் மின்னஞ்சல் மோசடியும் இதே தூண்டில்தான். "உங்கள் கணக்கு இன்றிரவு முடக்கப்படும், இதை அழுத்தி விவரம் தாருங்கள்" என்று வங்கியின் பெயரில் கடிதம் வரும். சபையாருக்கென்றே ஒரு வகை உண்டு: மரணப்படுக்கையிலுள்ள வெளிநாட்டு விதவை தன் லட்சக்கணக்கான டாலரை ஊழியத்துக்குத் தர விரும்புகிறாராம், முதலில் நாம் ஒரு சிறு கட்டணம் கட்டவேண்டுமாம்!

ஆதியாகமம் 27-ஆம் அதிகாரத்தை இந்தக் கோணத்தில் வாசித்துப் பாருங்கள். ஈசாக்கு கவனமில்லாதவர் அல்ல. இவ்வளவு சீக்கிரம் வேட்டை எப்படிக் கிடைத்தது என்று கேட்டார், குரலில் சந்தேகப்பட்டார், தடவிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். ஆனால் அவர் தடவிய தோலும் முகர்ந்த வஸ்திரமும் வந்தவனே கொண்டுவந்தவை. வேலைக்காரன் ஒருவனை அனுப்பி, ஏசா எங்கே என்று விசாரித்திருந்தால் போதும். கடிதத்திலுள்ள எண்ணுக்கே போன் செய்து "இது உண்மையா?" என்று கேட்கிறவரும் அந்தத் தோலைத்தான் தடவுகிறார். உங்கள் பாஸ்புக்கிலோ ஏடிஎம் அட்டையின் பின்புறமோ உள்ள எண்ணைக் கூப்பிடுங்கள்.

அனுப்புநர் என்று மேலே தெரியும் பெயர் அவனே எழுதிக்கொள்வது. இணையதள முகவரியில் முன்னால் எந்த வங்கியின் பெயரையும் ஒட்டலாம், முடிவைப் பார்க்கவேண்டும். நம் நாட்டு வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் "டாட் பேங்க் டாட் இன்" என்று முடியும் முகவரிக்கு மாறவேண்டுமென ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது, நமக்கு நல்ல அடையாளம். யுபிஐ பின் எண் பணம் அனுப்பத்தான், பெறுவதற்கு அது தேவையில்லை. இதை வீட்டிலுள்ள முதியோருக்கு இரண்டு முறை சொல்லுங்கள்.

ஆதார் நகலை எங்கும் நீட்டாதீர்கள். கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே எடுக்கலாம். ஜெராக்ஸ் கொடுத்தே ஆகவேண்டுமானால் காரணத்தையும் தேதியையும் அதன் குறுக்கே எழுதுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை 2023-இல் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளம் காட்டும்.

பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-ஐக் கூப்பிடுங்கள். திருடன் எடுப்பதற்குமுன் புகார் போனால் அந்தத் தொகையை வங்கியில் நிறுத்திவைக்க வழியுண்டு. மறுநாள் போனால் அது பல கணக்குகள் மாறியிருக்கும். பிறருடைய கடவுச்சொல்லையோ அடையாளத்தையோ திருடிப் பயன்படுத்துவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

நம் மருத்துவமனையின் பெயரிலோ, என் பெயரிலோகூட, "ஒரு நோயாளிக்கு அவசரம்" என்று புதிய எண்ணிலிருந்து செய்தி வந்தால், உங்களிடமுள்ள பழைய ரசீதில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். அலுவலகத்தார் யாரும் வருத்தப்படமாட்டார்கள்.