பாயின்ட் வாங்கினால் பங்களா சொந்தமாகுமா?

"சார், எங்க லக்கி டிராவுல உங்களுக்கு மூணு நாள் ஊட்டி பேக்கேஜ் விழுந்திருக்கு. நீங்களும் மேடமும் சேர்ந்து வந்து கிஃப்ட்டை வாங்கிட்டுப் போனா போதும், வேற எந்தச் செலவும் இல்லை." இப்படி ஓர் அழைப்பு உங்கள் செல்போனுக்கும் வந்திருக்கும். மாலில் ஸ்க்ராட்ச் கார்டு சுரண்டியபோதோ, பெட்ரோல் பங்க்கில் கூப்பன் நிரப்பியபோதோ நீங்கள் எழுதிக் கொடுத்த எண் அது.

கணவன், மனைவி இருவரும் வரவேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறார்கள்? ஒருவர் மட்டும் போனால் "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிடலாம். இருவரும் உட்கார்ந்திருந்தால் அந்த வாசல் அடைபட்டுவிடும். பிறகு இரண்டு மணி நேரம் படம் காட்டுவார்கள், காபி தருவார்கள், கடைசியில் "இந்த விலை இன்னிக்கு மட்டும்தான்" என்பார்கள். பல குடும்பங்கள் லட்சக்கணக்கில் கையெழுத்துப் போடுவது இந்த இடத்தில்தான்.

விற்கப்படும் பொருளின் பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஹாலிடே ஓனர்ஷிப், வெக்கேஷன் கிளப், டைம்ஷேர் என்று பல பெயர்கள். உள்ளே இருப்பது ஒன்றுதான். இன்று ஒரு பெரிய தொகை, அதன்பின் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம். பதிலுக்கு 10 அல்லது 25 ஆண்டுகளுக்கு, வருடத்தில் சில நாட்கள் அவர்களுடைய ரிசார்ட்டுகளில் தங்கும் உரிமை. இந்தியாவில் இத்தொழிலுக்குச் சென்னையோடு நெருங்கிய தொடர்பு உண்டு. ஸ்டெர்லிங் நிறுவனம் 1986-ல் இங்கிருந்துதான் தொடங்கியது. மஹிந்திரா ஹாலிடேஸ் 1996-ல் வந்தது. ஆகவே இது புதிய மோசடி ஒன்றும் அல்ல, சட்டப்படி நடக்கும் தொழில்தான். நமக்குக் கட்டுப்படியாகுமா என்பதுதான் கேள்வி.

எது சொந்தம்?

'ஓனர்ஷிப்' என்ற சொல்லிலிருந்தே தொடங்குவோம். நம் ஊரில் சொத்து என்றால் கிரையப் பத்திரம் வேண்டும், பட்டா வேண்டும், வில்லங்கச் சான்றில் நம் பெயர் வரவேண்டும். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்க விவரத்தை யாரும் வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். "என் பங்கு எந்த சர்வே எண்ணில் இருக்கு, எந்த சார்பதிவாளர் அலுவலகத்துல பதிவு பண்ணுவீங்க?" என்று விற்பனையாளரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பாயின்ட் திட்டங்களில் பெரும்பாலும் பதில் இருக்காது. நீங்கள் வாங்குவது செங்கல்லும் மண்ணும் அல்ல, ஓர் உறுப்பினர் ஒப்பந்தம். அதை வங்கியில் அடமானம் வைத்துக் கடன் வாங்க முடியாது. ரிசார்ட் இருக்கும் நிலத்தின் விலை பத்து மடங்கு ஏறினாலும் உங்களுக்கு ஒரு பைசா வராது.

இதை நாமாகச் சொல்லவில்லை. உறுப்பினர்கள் கட்டும் தொகை முழுவதையும் வாங்கிய ஆண்டிலேயே வருமானமாகக் காட்டவேண்டுமா என்று வருமான வரித்துறைக்கும் மஹிந்திரா ஹாலிடேஸுக்கும் ஒரு வழக்கு நடந்தது. சென்னை வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு 2010-ல் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்தப் பணத்துக்கு ஈடாகப் பல ஆண்டுகள் சேவை செய்யும் கடமை நிறுவனத்துக்கு இருக்கிறது, ஆகவே முழுத்தொகையும் அந்த ஆண்டின் வருமானம் ஆகாது என்பதே அதன் சாரம். அதாவது நாம் கொடுப்பது சொத்தின் விலை அல்ல, இனி வரப்போகும் சேவைக்கான முன்பணம். ஏசி அறையில் 'இது உங்க அசெட் சார்' என்று சொல்லும்போது இந்த வழக்கை நினைத்துக்கொள்ளலாம்!

பாயின்ட் என்பது யாருடைய நாணயம்?

முன்பெல்லாம் வாரக் கணக்குதான். வருடத்தில் குறிப்பிட்ட ஒரு வாரம், குறிப்பிட்ட வகை அறை. அந்த வாரத்தில் பையனுக்குப் பரீட்சை வந்தால் போச்சு. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் பாயின்ட் முறை வந்தது. இதில் உண்மையான வசதியும் இருக்கிறது. ஏழு நாளையும் ஒரே மூச்சில் கழிக்க வேண்டாம். இரண்டு நாள் ஏற்காடு, மூன்று நாள் மூணாறு என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு இரவுக்கு எத்தனை பாயின்ட் என்று நிர்ணயிப்பது நிறுவனம். உதாரணத்துக்கு உங்களுக்கு வருடம் 100 பாயின்ட் என்று வைத்துக்கொள்வோம். ஜூலை மழையில் மலை ரிசார்ட்டில் ஓர் இரவுக்கு 8 பாயின்ட் என்றால், அதே அறைக்கு மே மாதத்தில் 20 கேட்கலாம். மழையில் 12 இரவு தங்கக்கூடியவர் கோடையில் 5 இரவோடு திரும்பவேண்டும். இந்த அட்டவணையை மாற்றும் அதிகாரம் பெரும்பாலான ஒப்பந்தங்களில் நிறுவனத்திடமே இருக்கும். அடுத்த ஆண்டு 20 என்பது 24 ஆனால், உங்கள் 100 பாயின்ட் 100 ஆகவேதான் இருக்கும், ஆனால் ஐந்து இரவு நாலாகச் சுருங்கிவிடும். ரூபாயின் மதிப்பு குறைந்தால் சம்பளமாவது கொஞ்சம் ஏறும். இங்கே நாணயத்தை அச்சடிப்பவரும் கடைக்காரரும் ஒருவரே.

பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இது இரட்டைச் சிக்கல். நமக்கு விடுமுறை கிடைப்பது காலாண்டு, அரையாண்டு, பொங்கல், மே மாதம். எல்லா உறுப்பினர்களுக்கும் அதே நாட்கள்தான் வேண்டும். பாயின்ட் இருந்தாலும் அறை காலியாக இருந்தால்தானே! மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய முடிந்தவர்களுக்குக் கிடைக்கும். வெள்ளிக்கிழமை லீவு கிடைத்து சனிக்கிழமை கிளம்புபவர்களுக்குக் கிடைக்காது.

இடையே ஒரு சிறு தகவல். அறை கிடைத்தாலும் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் போக இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் இருந்தது. கிளப் உறுப்பினர் என்பதற்காக இதில் தனிச் சலுகை இல்லை.

வாங்க, கணக்குப் போடலாம்

கீழே உள்ள எண்கள் எந்த நிறுவனத்தின் விலையும் அல்ல, கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை. உங்களுக்குச் சொன்ன விலையை வைத்து இதே கணக்கைச் செல்போன் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்.

சேர்க்கைக் கட்டணம் 4 லட்சம் ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 4,72,000. வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம் வரியோடு 18,000. வருடத்துக்கு ஏழு இரவு. காலம் 25 ஆண்டு.

"25 வருஷத்துக்கு 175 இரவு, 4 லட்சத்தை வகுத்தா ஒரு நாளைக்கு 2,300 ரூபாய்கூட வரலை" என்று விற்பனையாளர் சொல்வார். வகுத்தல் சரிதான், விட்டுப்போனவைதான் அதிகம். அந்த 4,72,000 ரூபாயை 6.5 சதவீத வட்டிக்கு வைப்புநிதியில் போட்டால் ஆண்டுக்கு 30,680 ரூபாய் கிடைக்கும். அந்த வட்டியை இழக்கிறோம், அதோடு 18,000 கட்டுகிறோம். மொத்தம் 48,680. ஏழு இரவால் வகுத்தால் ஓர் இரவுக்குச் சுமார் 6,950 ரூபாய். சாப்பாடு, பயணம் எல்லாம் தனி. நாலு இரவுதான் போக முடிந்தது, மீதி காலாவதியானது என்றால் ஓர் இரவு 12,170 ரூபாய் ஆகிவிடும்.

வைப்புநிதி என்றால் 25 ஆண்டு முடிவில் 4,72,000 ரூபாயும் கையில் இருக்கும். உறுப்பினர் திட்டத்தில் ஒப்பந்தம் முடிந்ததும் கையில் எதுவும் இருக்காது. இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லாத விற்பனைப் பேச்சு எதையும் நம்ப வேண்டாம்.

"ஓட்டல் வாடகை வருஷா வருஷம் ஏறுமே?" என்ற கேள்வி நியாயமானது. ஏறும்தான். ஆனால் பராமரிப்புக் கட்டணமும் ஏறும். ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் இன்றைய 18,000, 25-வது ஆண்டில் ஏறக்குறைய 72,900 ரூபாய். 25 ஆண்டுகளில் கட்டணமாக மட்டும் கட்டுவது 9 லட்சத்து 87 ஆயிரத்தைத் தாண்டும். சேர்க்கைக் கட்டணத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்! போனாலும் போகாவிட்டாலும் கட்டித்தான் ஆகவேண்டும். பாக்கி இருந்தால் பொதுவாக முன்பதிவு செய்ய விடமாட்டார்கள்.

சரி, யாருக்குத்தான் லாபம்? ஆண்டு தவறாமல் முழு நாட்களையும் பயன்படுத்துபவர்கள், கூட்டம் இல்லாத மாதங்களில் போகக்கூடிய ஓய்வுபெற்றவர்கள், சமையலறையோடு பெரிய அறை தேவைப்படும் கூட்டுக்குடும்பங்கள், நாலு மாதம் முன்பே திட்டமிடும் பழக்கமுள்ளவர்கள். இவர்களுக்கு, அதுவும் 7,000 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள ரிசார்ட்டில்தான் எப்படியும் தங்குவார்கள் என்றால், பணத்துக்கு மதிப்பு உண்டு. இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் அறையில் தங்கித் திருப்தியாக வரும் குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகாது. இ.எம்.ஐ. போட்டு வாங்கினால் வட்டியும் சேர்ந்து கணக்கு இன்னும் மோசமாகும்.

"பணம் திரும்ப வரும்" என்றால் உஷார்

தங்காவிட்டால் பணத்தைக் கூட்டித் தருகிறோம் என்று சொன்னால் அது விடுமுறைத் திட்டமே அல்ல. மும்பையைச் சேர்ந்த பான்கார்டு கிளப்ஸ் நிறுவனம் இப்படித்தான் 'ரூம் நைட்' விற்றது. அறையைப் பயன்படுத்தாதவர்களுக்குக் காலம் முடிந்ததும் ஒரு தொகை தரப்படும் என்றது. மக்கள் தங்குவதற்காக அல்ல, சேமிப்பாக நினைத்துப் பணம் போட்டார்கள். இது அனுமதி பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று செபி 2016 பிப்ரவரியில் உத்தரவிட்டு, பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. திரட்டப்பட்டிருந்த தொகை 7,000 கோடி ரூபாய்க்கும் மேல். 'கியாரண்டி ரிட்டர்ன்' என்ற வார்த்தை காதில் விழுந்தால் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு வலை பழைய உறுப்பினர்களுக்கு. "உங்க மெம்பர்ஷிப்பை வாங்க ஆள் ரெடி, என்.ஓ.சி. கட்டணம் மட்டும் முதல்ல அனுப்புங்க" என்று அழைப்பு வரும். விற்பவர் எதற்கு முன்பணம் கட்டவேண்டும்? அனுப்பிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் டைம்ஷேர் வாங்கியவர் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம், அதுவரை முன்பணம் வாங்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறது. நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. விலகும் கால அவகாசம் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. அது எத்தனை நாள், எந்த நாளிலிருந்து, எந்த முகவரிக்கு எழுதவேண்டும் என்பதைத்தான் முதலில் படிக்கவேண்டும். ஒப்பந்தத்தின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, வீட்டில் நிதானமாகப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். இன்று இருக்கும் திட்டம் அடுத்த வாரமும் இருக்கும்.

வாய்மொழியாகச் சொன்ன எதற்கும் நிறுவனம் பொறுப்பல்ல என்று ஒரு வரி அநேகமாக ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். அதனால் அன்று மாலையே, "மே மாதத்தில் அறை உறுதி, கட்டணம் ஏறாது என்று உங்கள் பிரதிநிதி சொன்னார்" என நிறுவனத்துக்கு ஓர் இ-மெயில் அனுப்பி, எழுத்தில் பதில் கேளுங்கள்.

ஏற்கெனவே சேர்ந்து சிக்கலில் இருப்பவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். பல விஷயங்கள் அங்கேயே பேசித் தீர்கின்றன. தீராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இருக்கிறது. கட்டிய தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் செல்போன் மூலமே பதிவு செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஒப்பந்தமே ஒருதலைப்பட்சமானது என்பது உங்கள் புகார் என்றால், சட்டத்தின் பிரிவு 2(46) சொல்லும் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற அடிப்படையில் மாநில ஆணையத்தை அணுகவேண்டும்.

பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் பதிவாகவேண்டும். கஸ்டமர் கேர் "பார்க்கிறோம் சார்" என்று மாதக்கணக்கில் இழுத்தாலும் இந்தக் கடிகாரம் நிற்காது. ரசீது, விளம்பரத் தாள், அறை இல்லை என்று ஆப் காட்டிய ஸ்க்ரீன்ஷாட் எல்லாவற்றையும் தேதியோடு சேமியுங்கள். முக்கியமாக, சேர்ந்த அன்று அமலில் இருந்த பாயின்ட் அட்டவணையைப் படம் பிடித்து வையுங்கள். ஆப்பில் புதிய அட்டவணை வந்துவிட்டால் பழையது அங்கே கிடைக்காமல் போகலாம்.