அனுபவக் கட்டுரையில் உணர்வுச் சூழல்

அனுபவக் கட்டுரையில் "மிகவும் வருந்தினேன்" என்று எழுதினால் செய்தி புரியும். வருத்தம் வாசகரைத் தொடாது. தொடும் வழியைத் தொல்காப்பியப் பொருளதிகாரம் காட்டுகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்குள்ள மரம், பறவை, உணவு, தொழில் முதலியன கருப்பொருள். மனத்தின் நிலை உரிப்பொருள். முல்லையில் காடும் கார்கால மாலையும் வந்தால் காத்திருத்தல் தானே புலப்படும். பாலையில் வேனிலும் நண்பகலும் வந்தால் பிரிவு.

ஓர் எடுத்துக்காட்டு:

'பாட்டியைப் பிரிந்து தில்லிக்கு வந்தது துயரமாக இருந்தது.'

இதில் உரிப்பொருள் மட்டுமே உள்ளது. இப்படி மாற்றலாம்:

'சென்னை சென்ட்ரல். இரவு மணி பத்து. மடியில் புளியோதரைப் பொட்டலம் இன்னும் சூடாக இருந்தது. வண்டி நகர்ந்தது. பாட்டி ஜன்னல் கம்பியை விடாமல் நாலடி கூடவே நடந்தாள்.'

துயரம் என்ற சொல் இல்லை, துயரம் இருக்கிறது. நிலையத்தில் புத்தகக் கடையும் கூட்டமும் இருந்திருக்கும். அவை பிரிவுக்கு உதவாததால் விடப்பட்டன. வாக்கியங்களும் குறுகின, தொண்டை அடைத்தவர் நீளமாகப் பேசுவதில்லை.

முல்லைக் காட்டைக் காணாத நம் பிள்ளைகளுக்குத் தில்லியின் மார்கழிப் பனிமூட்டமும் முதற்பொருளே. அவர்கள் அறிந்த நிலத்தையே தமிழில் எழுதட்டும்.

பயிற்சி: ஊரிலிருந்து திரும்பிய நாளைப் பற்றி, உணர்ச்சியைப் பெயரிடும் சொல் ஒன்றுமின்றி, ஐந்து வரிகள் எழுதுக.