‘ரேண்டம் வாக்’ – அப்பாவுக்கு எப்படிச் சொல்வது?



போன எபிசோடைக் கேட்டுவிட்டு நியூ ஜெர்சி எடிசனிலிருந்து ஒரு நேயர் எழுதியிருந்தார். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறார். பிரெஞ்சு வகுப்பில் ‘ரேண்டம் வாக் தியரி’ பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். “பிரெஞ்சுல அதை எப்படிச் சொல்றது?” என்பது முதல் கேள்வி. இரண்டாவது கேள்விதான் யோசிக்க வைத்தது: “எங்க அப்பாவோட சேமிப்பு முக்கால்வாசி அவர் வேலை பார்க்கிற கம்பெனி ஷேர்லயே இருக்கு. ‘சார்ட்டைப் பாரும்மா, இன்னும் ஏறும்’னு சொல்றார். அவர்கிட்ட இதைத் தமிழ்ல எப்படிச் சொல்றது?”

ரெண்டு கேள்விக்கும் பாடம் ஒண்ணுதான். படிப்படியா பார்ப்போம்.

படி 1: பிரெஞ்சு

வழக்கமான சொல் ‘மார்ஷ் அலேயத்துவார்’. மார்ஷ் என்றால் நடை. ‘ப்ரொம்னாட் அலேயத்துவார்’ என்றும் எழுதுவார்கள். அது உலாவுதல். ரெண்டும் சரிதான்.

ஒரு பொறி இருக்கு, கவனம். ‘மார்ஷ்’ என்ற சொல்லின் கடைசி எழுத்து மேல் ஒரு சின்னக் கோடு போட்டால் ‘மார்ஷே’ ஆகிவிடும். அதற்கு அர்த்தம் சந்தை! நம்ம ‘கொடு’, ‘கோடு’ மாதிரி: ஒரு சுழி மாறினால் பொருளே மாறும். பங்குச் சந்தையைப் பற்றிய பேச்சில் இந்த ரெண்டு சொல்லும் பக்கத்து பக்கத்தில் வரும். ஸ்லைடை ரெண்டு தடவை சரிபாருங்க.

‘அலேயத்துவார்’ என்பதன் வேர், பகடை ஆட்டத்தைக் குறிக்கும் ஒரு லத்தீன் சொல். தாயம் ஆடியவர்களுக்குத் தெரியும்: போன தடவை விழுந்த எண், அடுத்து என்ன விழும் என்று சொல்லாது.

படி 2: இது யார் வீட்டுப் பிள்ளை?

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கருத்து பிறந்ததே பிரெஞ்சில்தான். 1900 மார்ச் 29 அன்று பாரிஸில் லூயி பஷ்லியே என்ற மாணவர், ஊக வாணிபம் பற்றிய தன் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். பாரிஸ் சந்தையில் அரசுக் கடன் பத்திரங்களின் விலை எப்படி அலைகிறது என்பதற்குக் கணக்கு எழுதினார். அவர் சொன்னது: வாங்குகிறவர், விற்கிறவர் இருவருமே யோசித்துத்தான் விலை பேசுகிறார்கள். அதனால் ஊகிப்பவரின் சராசரி எதிர்பார்ப்பு லாபம் பூஜ்யம். அணுக்களைப் பற்றி ஐன்ஸ்டைன் இதே மாதிரி கணக்கை எழுதியது ஐந்து வருடம் கழித்துத்தான்.

ஆனால் ‘ரேண்டம் வாக்’ என்ற பெயர் பஷ்லியே வைத்ததில்லை. 1905இல் கார்ல் பியர்சன் ‘நேச்சர்’ இதழுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் வந்த பெயர் அது. பஷ்லியேயின் ஆய்வேடு 1964இல் ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பாக வந்த நூலில் இடம்பெற்ற பிறகுதான் அமெரிக்காவில் பலர் அதைப் படித்தார்கள். பிள்ளை வெளியூர் போய், வேறு பெயரோடு வீடு திரும்பின கதை.

இன்னொரு சுவையான விஷயம்: 1965இல் இந்தத் தலைப்பில் எழுதிப் புகழ்பெற்ற யூஜின் ஃபாமா, டஃப்ட்ஸ் கல்லூரியில் பிரெஞ்சு படித்தவர்!

படி 3: தமிழ்

இங்கேதான் சிக்கல். ‘தற்செயல்’ என்றால், காரணமே இல்லாமல் நடப்பது போல் இருக்கு. ‘குருட்டாம்போக்கு’ என்றால், சந்தையில் இருப்பவர்கள் எல்லாம் முட்டாள்கள் என்பது போல் இருக்கு. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம் ‘சமவாய்ப்பு’ என்கிறது. கணக்குக்குச் சரி, சாப்பாட்டு மேஜையில் எடுபடாது.

ஏனென்றால் அந்தத் தியரி விலையைப் பற்றி மட்டும் பேசவில்லை; நமக்கு என்ன தெரியும் என்பதைப் பற்றிப் பேசுகிறது. அதனால் சொல்லை விடுங்க, கருத்தைச் சொல்லுங்க:

“அப்பா, விலை காரணமில்லாம ஆடுதுன்னு நான் சொல்லலை. நேத்து வரைக்கும் எல்லாருக்கும் தெரிஞ்சது இன்னைக்கு விலையிலேயே சேர்ந்திடுச்சு. நாளைக்கு அதை அசைக்கப் போற செய்தி இன்னும் வரலை. அது எந்தப் பக்கம் தள்ளும்னு பழைய சார்ட் சொல்லாது. கெட்ட செய்தியா இருந்தா, உங்க சம்பளமும் சேமிப்பும் சேர்ந்தே அடிபடும்ல?”

‘ரேண்டம்’ என்ற வார்த்தையே அதில் இல்லை. ஆனால் மொழிபெயர்ப்பு முழுசா இருக்கு.

படி 4: வீட்டுப்பாடம்

எடிசனுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பிரின்ஸ்டனின் பேராசிரியர் பர்ட்டன் மால்கீல், 1973இல் வந்த தன் புத்தகத்தில் ஒரு சோதனையைச் சொல்கிறார். 50 டாலரில் ஆரம்பித்து, நாணயம் சுண்டி, தலை விழுந்தால் அரை டாலர் ஏற்றம், பூ விழுந்தால் அரை டாலர் இறக்கம். அப்படி வந்த சார்ட்டைப் பார்த்த ஒரு சார்ட் நிபுணர், உடனே வாங்க வேண்டும் என்றாராம்.

நீங்களும் பைத்தானில் ஒரு லூப் எழுதிப் பாருங்க. ஒவ்வொரு அடியும் 1 என்று வைத்தால், 100 அடியில் ஆரம்பப் புள்ளியிலிருந்து சுமார் 10 தூரம் விலகும். 400 அடியில் சுமார் 20. காலம் நாலு மடங்கானால் விலகல் ரெண்டு மடங்கு. இந்த வர்க்கமூல விதியும் பஷ்லியே கணக்கில் உண்டு. அந்தச் சார்ட்டை அப்பாவிடம் காட்டி, “இது ஏறுமா, இறங்குமா?” என்று கேளுங்க.

ஒரு எச்சரிக்கை: இது வேதவாக்கு இல்லை. நாணயம் மாதிரி இல்லாமல், நீண்ட காலத்தில் மொத்தச் சந்தை மேலே போயிருக்கிறது. விலைகள் நியாயமான அளவைத் தாண்டி ஆடுகின்றன என்று வாதிட்டவர் ராபர்ட் ஷில்லர். 2013 பொருளாதார நோபலை ஃபாமாவும் அவரும் சேர்ந்தே வாங்கினார்கள், லார்ஸ் ஹான்ஸனோடு. அதனால் அப்பாவிடம் ஜெயிக்கப் போகாதீங்க. கேள்வியோட போங்க.

அவர் என்ன சொன்னார்னு எழுதுங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.