விதி குறைந்தால் பொறுப்பு கூடும்
கதை விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் நாலு சிறுவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவார்களே, அந்த ஆட்டம் குமாரலிங்கபுரத்துத் திண்ணையிலும் நடக்க முடியும். ஒருவர் கேம் மாஸ்டர். சூழலைச் சொல்வது அவர் வேலை. மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, தாங்கள் செய்யப்போவதைச் சொல்வார்கள். முடிவு எப்படியும் ஆகலாம் என்ற இடத்தில் பகடை உருளும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் இதற்குத் தொடக்கம். அதன் இன்றைய ஆட்டக்காரர் கையேடு 300 பக்கத்தைத் தாண்டும். அதைப் பார்த்து மலைத்தவர்கள், ‘ரூல்ஸ்-லைட்’ எனப்படும் விதி குறைந்த ஆட்டங்களைத் தேடுகிறார்கள். நல்ல முடிவு. ஆனால் எதை எடுப்பது என்பதில் சில தவறான நம்பிக்கைகள் குறுக்கே நிற்கின்றன.

நம்பிக்கை 1: பக்கம் குறைவாக இருந்தால் நடத்துவதும் சுலபம்.

உண்மை: படிப்பதுதான் சுலபம். ஜான் ஹார்ப்பர் எழுதிய ‘லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்’ ஒரே பக்கம். கதாபாத்திரத்துக்கு 2 முதல் 5 வரை ஓர் எண். அந்த ஓர் எண்ணே அறிவையும் உணர்வையும் அளக்கிறது. விதியை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு வரும் ஊர், எதிரி, ஆபத்து எல்லாவற்றையும் கேம் மாஸ்டர் அந்த இடத்திலேயே பின்ன வேண்டும். யோகாய் கால் எழுதிய ‘கெய்ர்ன்’ அதைவிடப் பெரிய நூல். ஆனால் கருவிகள், மந்திரங்கள், விலங்குகள் என்று பட்டியல்கள் தயாராக இருக்கின்றன. முதல்முறை நடத்துபவருக்கு அந்தக் கூடுதல் பக்கங்கள் சுமையாகாது, துணையாகவே இருக்கும்.

நம்பிக்கை 2: விதி இல்லாவிட்டால் சத்தமாகப் பேசுகிறவர் சொல்வதே நடக்கும்.

உண்மை: நல்ல ஆட்டத்தில் விதி எண்ணிக்கையில் குறைவு, வேலையில் கூர்மை. வின்சென்ட் பேக்கர் 2010-ல் வெளியிட்ட ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ இதற்குச் சரியான சான்று. இரண்டு ஆறுமுகப் பகடைகள். கூட்டுத்தொகை 10-ம் அதற்கு மேலும் என்றால் முழு வெற்றி; 7 முதல் 9 வரை வெற்றி உண்டு, அதற்கொரு விலையும் உண்டு; 6-க்குள் விழுந்தால் நிலைமை கைமீறும்.

நம் சீமையில் வைத்துப் பார்ப்போம். ஐப்பசி அடைமழை, நள்ளிரவு. கண்மாய் நிரம்பிக் கரை கசிகிறது. நீர்ப்பாய்ச்சியாக ஆடும் பெண், “தண்ணிக்குள்ள முங்கி மடை ஷட்டரைத் தூக்குறேன்” என்கிறாள். பகடையில் 4-ம் 4-ம் விழுந்து 8. ஷட்டர் எழும்பிவிட்டது. ஆனால் விலை கொடுக்க வேண்டும். கேம் மாஸ்டர் கேட்கிறார்: “கை மாட்டிக் காயமாகணுமா, இல்ல வெள்ளம் பாஞ்சு உங்க சித்தப்பா வயல் மிளகாய் நாத்து முங்கணுமா?” அவள் யோசிக்கும் அந்த அரை நிமிடம்தான் ஆட்டத்தின் உயிர். குரல் உயர்த்தி அதிலிருந்து யாரும் தப்ப முடியாது. 36 சேர்க்கைகளில் 15 இந்த நடுநிலையில் விழுகின்றன. முழு வெற்றிக்கு 6, தோல்விக்கு 15. கதாபாத்திரத்தின் திறமைக்காக ஒன்று கூட்டினால் முழு வெற்றி 10 ஆக உயரும், தோல்வி 10 ஆக இறங்கும். மூன்றே வரி விதிக்குள் இவ்வளவு கணக்கு உட்கார்ந்திருக்கிறது.

நம்பிக்கை 3: விதி குறைப்பது அண்மைக்கால மோகம்.

உண்மை: 1824-ல் பிரஷ்ய ராணுவம் அதிகாரிகளின் பயிற்சிக்காக கதை விளையாட்டுக்கு முன்னோடியான ‘கிரீக்ஸ்பீல்’ என்ற போர் விளையாட்டை ஏற்றது. பகடையும் அட்டவணைகளும் நிறைந்த ஆட்டம் அது. 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி, அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பையே நம்பலாம் என்று மாற்று வழி காட்டினார். 1974-ன் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்கூட ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு கையேடுகளாகத்தான் வந்தது. விதிநூல் தடித்தது பிறகுதான்.

நம்பிக்கை 4: விசேஷப் பகடை, பணம், ஆங்கிலம் மூன்றும் வேண்டும்.

உண்மை: 20 முகப் பகடை அருப்புக்கோட்டைக் கடையில் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. சாதாரண ஆறுமுகப் பகடையோடு நடக்கும் ஆட்டங்கள் ஏராளம். பணம் என்று பார்த்தால், ‘கெய்ர்ன்’ விதிகள் இலவசம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால், எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் தமிழாக்கி யாரும் வெளியிடலாம். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும்; ஆட்டம் முழுக்கத் தமிழில் ஓடும்.

வீட்டுத் தாயக்கட்டையும் உதவும், கணக்குப் பார்த்துப் பயன்படுத்தினால். 0, 1, 2, 3 என்று பக்கங்கள் உள்ள இரண்டு கட்டைகளை உருட்டினால் 16 சேர்க்கைகள். தாயம் (ஒன்று), பன்னிரண்டு (இரண்டு கட்டையிலும் 0) விழுந்தால் முழு வெற்றி என்று வைத்தால் அதற்கு 3 வாய்ப்பு. மூன்று, ஐந்து, ஆறு விழுந்தால் விலையோடு வெற்றி: 7 வாய்ப்பு. இரண்டும் நான்கும் தோல்வி: 6 வாய்ப்பு. இரண்டு பகடைக் கணக்குக்கு இது மிக அருகில் வருகிறது. திறமைக்காக ஒன்று கூட்டும் வசதி மட்டும் இதில் இல்லை. சோழியில் இந்தக் கணக்கு செல்லாது. அது மல்லாந்தும் கவிழ்ந்தும் சம வாய்ப்பில் விழும் என்று நம்ப முடியாது.

நம்பிக்கை 5: ஓர் ஆட்டம் எல்லாக் கதைக்கும் பொருந்தும்.

உண்மை: விதி குறையக் குறைய ஆட்டம் ஒரே வகைக் கதையில் ஊன்றி நிற்கும். ‘டிரெட்’ ஆட்டத்தில் பகடையே கிடையாது. மரக்கட்டைக் கோபுரத்திலிருந்து ஒவ்வொன்றாக உருவ வேண்டும். கோபுரத்தைச் சரித்தவரின் கதாபாத்திரம் கதையை விட்டுப் போகும். பேய்க்கதைக்கு அருமை, சிரிப்புக் கதைக்கு ஆகாது. ‘ஃபியாஸ்கோ’வில் கேம் மாஸ்டரே இல்லை, பேராசையால் குட்டிச்சுவராகும் மனிதர்களின் கதை அது. ஏவரி ஆல்டரின் ‘த கொயட் இயர்’ ஓர் ஊரின் ஓராண்டைச் சொல்வது. சீட்டுக்கட்டின் 52 சீட்டு 52 வாரம், நாலு இனம் நாலு பருவம். சீட்டு ஒவ்வொன்றும் ஊரைப் பற்றிக் கேள்வி கேட்கும். பதில் சொல்லிக்கொண்டே எல்லோருமாக வரைபடம் வரைவார்கள். மழையை நம்பி ஆண்டை ஓட்டும் மானாவாரி மக்களுக்கு இதைவிட நெருக்கமான ஆட்டத்தை நான் கண்டதில்லை.

நம்பிக்கை 6: சின்ன ஆட்டம்தானே, முன்பேச்சு எதற்கு?

உண்மை: விதி விட்டுவைத்த இடத்தை ஆடுபவர்கள் தங்கள் வாழ்க்கையால்தான் நிரப்புகிறார்கள். கண்மாய்க் கதை எடுத்தால் யாருக்கு முதலில் தண்ணீர் என்ற பேச்சு வரும்; அதன் பின்னாலேயே சாதி வரும், பழைய வெட்டுக்குத்து வரும். கூட இருப்பவர்களில் ஒருவருக்கு அது கதையாக இருக்காது. ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் வகுத்த ‘எக்ஸ் கார்டு’ முறை எளியது: எக்ஸ் போட்ட ஒரு சீட்டு நடுவில் கிடக்கும், யார் அதைத் தொட்டாலும், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை மாற்றிவிட வேண்டும். பெண்பிள்ளைகளும் பல தெருப் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரும் ஆட்டத்தில் இதைக் கட்டாயமாக்குங்கள்.

ஆகவே பக்கத்தை எண்ணாதீர்கள். விதிநூல் இறக்கி வைக்கும் சுமை எங்கும் போய்விடுவதில்லை. அது ஆடுபவர்கள் தோளுக்கு வருகிறது. தேர்ந்தெடுக்கும் முன் மூன்று கேள்வி போதும். எந்த மாதிரிக் கதை வேண்டும்? நடத்த ஒருவர் மனமுவந்து இருக்கிறாரா? அவருக்கு அந்தப் புத்தகம் என்ன துணை தருகிறது? நடத்த ஆளில்லையா, ‘த கொயட் இயர்’ எடுங்கள். ஆள் உண்டு, அனுபவம் இல்லையா, ‘கெய்ர்ன்’. சொல்லச் சொல்லக் கதை ஊறும் ஆள் ஒருவர் கூட்டத்தில் இருந்தால், அவர் கையில் மட்டும் ‘லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்’ என்ற அந்த ஒற்றைப் பக்கத்தைக் கொடுங்கள்.