நூலகர் கேட்கும் கேள்வி

மாணவர்களே! ஆனையூரில் அமர்ந்து கணினியில் ‘வைகை’ என்று மட்டும் தேடிப் பாருங்கள். மதுரையில் ஓடும் ஆறு, 1959-இல் திறக்கப்பட்ட அணை, 1977-இல் ஓடத் தொடங்கிய விரைவு ரயில் மூன்றும் கலந்து வரும். எது வேண்டும்? அந்த ஒரு சொல்லைக் கொண்டு தேடுபொறி அதை உறுதியாக அறிய இயலாது.

பள்ளி நூலகரோ முதலில் உங்களைக் கேட்பார்: “எதைப் பற்றி? எந்த இடம்? எந்தக் காலம்?”

இக்கேள்விகள் புதியவை அல்ல. சீர்காழியில் பிறந்த கணித ஆசிரியர் எஸ். ஆர். இரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அவர் வகுத்த கோலன் பகுப்பு முறை நூலின் பொருளை இடம், காலம் முதலிய கூறுகளாகப் பிரிக்கிறது. ‘வாசகரின் நேரத்தைச் சேமி’ என்பது 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது.

இனி, ‘வைகை அணை கட்டுமானம் 1959’ என்று தேடுங்கள். கிடைத்ததை எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்றும் பாருங்கள். ஐயம் எழுந்தால் நூலகரை அணுகுங்கள்.